நாகர்கோவில் புறநகரில் கிராவல் பாதை தேடியது: சானல்கரை வழியாக ஒரு நிகழ்வு ஆய்வு

மண்ணிலும் சரளையிலும் ஓட்ட ஏற்ற, அகல டயர் போட்ட கிராவல் சைக்கிளை வாங்கியவர்களும் வாங்கலாமா என்று யோசிப்பவர்களும் நாகர்கோவிலில் முதலில் கேட்பது ஒன்றுதான்: இதை எங்கே ஓட்டுவது? நியாயமான கேள்வி. மதுரைக்காரர்கள் ஊரைத் தாண்டியதும் ஏதாவது ஒரு கண்மாய்க் கரையில் ஏறிவிடுவார்கள், கொங்குப் பக்கம் தோட்டங்களுக்கு நடுவே இட்டேரி இருக்கிறது. குமரி மாவட்டத்தில் ஊர் முடிகிற இடம் என்று ஒன்றைக் காட்டுவதே கஷ்டம். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இங்கே சதுர கிலோமீட்டருக்கு ஆயிரத்து நூறு பேருக்கும் மேல், அந்தக் கணக்கில் மாநிலத்தில் சென்னைக்கு அடுத்த இடம் நமக்குத்தான். பார்வதிபுரம் முடிந்தால் சுங்கான்கடை, அப்புறம் வில்லுக்குறி, தக்கலை, மார்த்தாண்டம், களியக்காவிளை என்று வீட்டோடு வீடு ஒட்டியே போகும். உள்ளே திரும்பினால் முடுக்கெல்லாம் கான்கிரீட், இல்லையென்றால் பேவர் பிளாக்.

அந்தக் கேள்விக்கு எங்கள் சிறு குழு தேடி எடுத்த பதிலை முழுசாக இங்கே எழுதுகிறேன். பாதையை மட்டும் சொல்லாமல் தேடிய முறையையும் சேர்த்தே சொல்கிறேன், ஏனென்றால் இன்று மண்ணாக இருக்கும் ரோடு அடுத்த வருஷம் தாராகிவிடும், ஆனால் முறை தெரிந்தால் குலசேகரத்தில் இருப்பவரும் கருங்கல்லில் இருப்பவரும் தங்கள் வீட்டு வாசலிலிருந்தே ஒரு சுற்றை உருவாக்கிக்கொள்ளலாம்.

தொடங்கும்போதே சில விஷயங்களில் உறுதியாக இருந்தோம். காரில் சைக்கிளை ஏற்றிக்கொண்டு போகக் கூடாது, வடசேரி, பார்வதிபுரம், வெட்டூர்ணிமடம் பக்கம் இருக்கும் யாரும் வீட்டிலிருந்தே மிதித்து வந்து சேர வேண்டும். ஞாயிற்றுக்கிழமை காலையில் போய்விட்டு வெயில் ஏறும் முன் திரும்புகிற மாதிரி சுமார் 40 கிலோமீட்டர். அதில் பாதியாவது தார் இல்லாத தரை. இதெல்லாவற்றையும் விட முக்கியமானது, யாருடைய பட்டா நிலத்திலும் கேட்காமல் நுழையக் கூடாது.

வரைபடத்தில் பார்த்தது

சைக்கிள்காரர்கள் பொதுவாக முதலில் திறப்பது, ஓட்டிய வழியைப் பதிவு செய்யும் ஸ்ட்ராவா செயலியின் ஹீட்மேப்பைத்தான். பலரும் ஓட்டிய பாதை அதில் பளிச்சென்று தெரியும், யாரும் ஓட்டாதது இருட்டாக இருக்கும். நம் பக்கத்தில் கன்னியாகுமரி ரோடும் கடற்கரை ரோடும் நன்றாக ஒளிர்கின்றன, உள்நாடு முழுக்க கிட்டத்தட்ட இருட்டு. ஓட்டுகிறவர்கள் குறைவாக இருக்கும் ஊரில் இந்த இருட்டுக்கு ஒரு அர்த்தமும் கிடையாது. பாதை இல்லை என்றும் இருக்கலாம், பாதை இருந்து அந்த வழியாகப் போகிறவர் போனில் செயலி இல்லை என்றும் இருக்கலாம். தினமும் சைக்கிளில் வயலுக்குப் போகும் பெரியவர் ஸ்ட்ராவாவில் பதிவு செய்வதில்லையே.

அடுத்தது ஓபன்ஸ்ட்ரீட்மேப், யாரும் வரைந்து சேர்க்கக்கூடிய திறந்த இணைய வரைபடம். இதில் மண் பாதைகளை 'டிராக்' என்று தனியாகக் குறிப்பார்கள், தரையின் உறுதியைப் பொறுத்து 1 முதல் 5 வரை தரமும் கொடுப்பார்கள், 1 என்றால் கெட்டியானது, 5 என்றால் வெறும் மண். பாதைத் திட்டம் போடும் பல செயலிகள் இந்தத் தரவைத்தான் எடுத்துக்கொள்கின்றன. எனவே வரைபடத்தில் யாரும் வரையாத பாதையை எந்தச் செயலியும் நமக்குப் பரிந்துரைக்காது. எங்கள் பகுதியில் நீல நிறத்தில் சானல், அதாவது பாசனக் கால்வாய், வரையப்பட்டிருந்தது, பல இடங்களில் அதன் கரை வரையப்படவில்லை. இதைக் கவனித்த பிறகுதான் தேடல் திசை திரும்பியது.

இந்த மாவட்டத்தில் பத்து, பதினைந்து கிலோமீட்டர் தொடர்ந்து போகக்கூடிய, தனியாருக்குச் சொந்தமில்லாத, ஏற்ற இறக்கம் அதிகமில்லாத நிலம் எது என்று யோசித்தால் விடை தண்ணீரிடம் இருக்கிறது. பேச்சிப்பாறை அணை 1906இல் கட்டி முடிக்கப்பட்டது. கோதையாற்றுத் தண்ணீரும் பரளியாற்றுத் தண்ணீரும் புத்தன் அணை வழியாகப் பிரிந்து தோவாளை சானல், அனந்தனார் சானல், நாஞ்சில் புத்தனாறு என்று நாஞ்சில்நாடு முழுக்க ஓடுகின்றன. சானல் என்றால் இடையில் அறுபடக் கூடாது, தண்ணீர் மெல்ல இறங்கிக்கொண்டே போக வேண்டும், உடைப்பு விழுந்தால் ஆளும் மண்ணும் போய்ச் சேரக் கரையில் வழி இருக்க வேண்டும். இந்த மூன்றும் சேர்ந்தால் அது ஒரு நல்ல கிராவல் பாதை. நிலமும் அரசு நிலம், பெரும்பாலும் நீர்வளத்துறையின் கையில்.

அதனால் சாலைகளை விட்டுவிட்டு சானல்களை ஒவ்வொன்றாகச் செயற்கைக்கோள் படத்தில் பின்தொடர்ந்தோம். ஏலாவில், அதாவது பரந்த வயல்வெளியில், கரை செம்மண் கோடாகத் தெளிவாகத் தெரியும். தென்னந்தோப்புக்குள் நுழைந்ததும் மறைந்துவிடும், மறுபக்கம் எங்கே வெளியே வருகிறது என்று பார்த்துக் கோட்டை இணைக்க வேண்டும். கணினியில் கூகுள் எர்த்தைத் திறந்தால் பழைய ஆண்டுகளின் படங்களையும் பார்க்கலாம், இது மிகவும் உதவியது. ஐந்தாறு வருஷம் முன்பு சிவப்பாக இருந்த கோடு இப்போது சாம்பல் நிறமாகியிருந்தால் தார் போட்டாயிற்று, அதை விட்டுவிடலாம். 2021 நவம்பர் மழையில் சானல் கரைகள் பல இடங்களில் உடைந்தன இல்லையா, அதற்குப் பிறகு கட்டிய பக்கச்சுவர்கள் புதுக் கான்கிரீட்டாக வெளுத்துத் தெரிகின்றன. அந்த இடங்களில் கரை குறுகியிருக்க வாய்ப்பு உண்டு என்று குறித்துக்கொண்டோம்.

செயலி காட்டும் ஏற்றக் கணக்கை நம் ஊரில் அப்படியே நம்ப வேண்டாம். பல செயலிகள் 2000ஆம் ஆண்டு விண்வெளி ஓடத்திலிருந்து ரேடாரால் எடுத்த உயரத் தரவையே அடிப்படையாக வைத்திருக்கின்றன. அந்த ரேடாருக்கு அடர்ந்த தோப்பின் உச்சியும் தரை மாதிரிதான் தெரியும். தோப்பும் வயலும் மாறி மாறி வரும் சானல்கரையில், தரை மட்டமாக இருந்தாலும் ஏறி இறங்குகிற மாதிரி வரைபடம் காட்டும்.

நில உரிமையைப் பார்க்க வருவாய்த்துறையின் இணையச் சேவையில் அ-பதிவேடும் புல வரைபடமும் கிடைக்கின்றன. புல எண்ணைப் போட்டால் அது பட்டாவா புறம்போக்கா என்று தெரிந்துவிடும். சந்தேகமான சில துண்டுகளுக்கு இப்படித்தான் முடிவெடுத்தோம். சலிப்பான வேலை, ஆனால் பின்னால் யாரும் வந்து தகராறு செய்ய இடமில்லாமல் போகிறது.

தரையில் தெரிந்தது

வரைபட வேலை முடிந்து நேரில் பார்க்கப் போனபோது முதலில் புரிந்தது, சானலின் இரண்டு கரையும் ஒன்றல்ல. தோவாளை சானல் மலையடிவாரத்தை ஒட்டிப் போகிறது. மலைப்பக்கக் கரை இயற்கையான சரிவு, பாறையும் புதருமாக இருக்கும். வயல்பக்கக் கரை ஆள் வைத்து மண் போட்டு உயர்த்தியது, அகலமானது, ஜீப்போ டிராக்டரோ போகிற அளவுக்குச் சரல் (சரளை மண்) இறுகிக் கிடக்கும். இதை எங்களுக்கு ஒரு வரியில் சொன்னவர் கரையில் ஷட்டரைத் திருப்பிக்கொண்டிருந்த லஸ்கர், சானலில் தண்ணீரைத் திறந்து அடைக்கும் பணியாளர்.

"இந்தக் கரை முழுக்க சைக்கிள்ல போலாமாண்ணே?"

"போலாம் மக்கா. வயலுக்க பக்கத்துக் கரையப் புடிச்சுக்க. அந்தக் கரையில ஏறுனா பாற வந்துரும், பொறவு தலையில தூக்கிட்டுத்தான் வரணும்."

எந்த மடைப் பக்கம் கரை அரித்திருக்கிறது, எந்த இடத்தில் தோட்டக்காரர் கம்பி கட்டியிருக்கிறார், எந்தப் பாலத்தில் கைப்பிடி இல்லை என்பதையெல்லாம் அவர் நின்ற இடத்திலேயே வரிசையாகச் சொன்னார். செயலி எதுவும் இதைச் சொல்லாது. புதிய பகுதியில் பாதை தேடுகிறவர்களுக்கு என் முதல் பரிந்துரை, அந்தப் பகுதி லஸ்கரையும் பாசன சங்கத்துக்காரர்களையும் பார்த்துப் பேசுங்கள் என்பதே.

சானல்கரையில் ஓட்டுவது எப்படி இருக்கும் என்று ஒரு மடையை வைத்துச் சொல்கிறேன். வயலுக்குத் தண்ணீர் விடும் மடை எல்லாம் பள்ளத்துப் பக்கத்தில், அதாவது நாம் ஓட்டுகிற கரையில்தான் இருக்கும். தண்ணீர் நம் பாதைக்கு அடியில் குழாயிலோ கல்பாலத்தின் கீழோ போகிறது. பாதையின் மேல் ஒரு கான்கிரீட் பலகை, அதன் இரண்டு முனையிலும் மண் இறங்கி ஒரு சாண் பள்ளம். சக்கரம் பள்ளத்தில் விழுந்து பலகையின் விளிம்பில் மோதும். காற்று அதிகமாக அடித்திருந்தால் கை மணிக்கட்டு வரை அதிரும், மிகக் குறைவாக இருந்தால் டியூப் நசுங்கிப் பாம்புக் கடி போல இரட்டை ஓட்டை விழும். கரையோரம் ஷட்டர் இரும்பு நிமிர்ந்து நிற்பதைத் தூரத்திலேயே பார்த்துவிடலாம், அதைப் பார்த்ததும் வேகம் குறைத்து, இருக்கையிலிருந்து கொஞ்சம் எழுந்து, கைகளைத் தளர்த்தினால் சைக்கிள் தானாக ஏறி இறங்கிவிடும். இப்படி மடைக்கு மடை வரும், பழகிவிட்டால் அதுவே ஒரு தாளம்.

டயர் பற்றிக் கேட்பார்கள் என்று தெரியும். 40 மில்லிமீட்டர் அகலம், 70 கிலோ எடைக்காரருக்கு 35 முதல் 40 பிஎஸ்ஐ காற்றழுத்தம், இங்கே இது போதும். கிராவல் சைக்கிள்தான் வேண்டும் என்று யாரும் நினைக்க வேண்டாம். நம் அப்பா காலத்துச் சாதா சைக்கிளின் 28 இஞ்ச், ஒன்றரை இஞ்ச் டயர் கிட்டத்தட்ட அதே 40 மில்லிமீட்டர் அகலம்தான், அந்த வண்டிகள் எப்போதும் இந்தக் கரைகளில்தான் ஓடின. குழுவில் ஹைபிரிட் சைக்கிள் வைத்திருப்பவர்களும் இதே சுற்றை நன்றாக முடிக்கிறார்கள். ஆரல்வாய்மொழிப் பக்கம் போனால் உடைமுள் உண்டு, அதற்கு டியூப்லெஸ் டயரும் உள்ளே ஓட்டையை அடைக்கும் சீலன்ட் திரவமும் நிம்மதி.

கிடைத்த சுற்று

வடசேரியிலிருந்து புத்தேரி, இறச்சகுளம் வழியாகப் பூதப்பாண்டி வரை தார் ரோடு, விடியற்காலையில் வண்டி குறைவு. திட்டுவிளை தாண்டித் தோவாளை சானல்கரையில் ஏறுகிறோம். அங்கிருந்து செண்பகராமன்புதூர் பக்கம் வரை இடது கையில் மலை, வலது கையில் வயலும் வாழையும், நடுவில் சரல் பாதை. ஊருக்குள் வரும்போது மட்டும் கொஞ்ச தூரம் கான்கிரீட். தோவாளையில் பூச்சந்தை விடியற்காலையிலேயே சுறுசுறுப்பாக இருக்கும், டீ அங்கேதான். பிறகு தெற்கே இறங்கி தாழக்குடி, வீரநாராயணமங்கலம், திருப்பதிசாரம் வயல்களுக்கு நடுவே டிராக்டர் பாதைகளும் பழையாற்றங்கரைத் துண்டுகளும். அங்கிருந்து தேரூர், கவிமணி பிறந்த ஊர், குளக்கரையில் கொஞ்ச தூரம் போய் சுசீந்திரம், பிறகு ஊர்.

இந்த வயல் பகுதியில்தான் அதிக நேரம் செலவழித்துப் பார்த்தோம். சானல்கரை ஒரே கோடு, அதில் குழப்பம் இல்லை. வயல் பாதைகள் அப்படி இல்லை, பாதி ஏலாவின் நடுவில் களத்தோடு முடிந்துவிடும். நாலுவழிச்சாலைக்காக மண் போட்டு உயர்த்திய இடங்களில் பழைய வண்டிப்பாதைகள் அறுந்திருக்கின்றன, கீழே புகுந்து போகும் பாலம் எங்கே விட்டிருக்கிறார்கள் என்று நேரில் பார்த்தால் மட்டுமே தெரியும். சாலை வேலைக்காகப் போட்ட மண் தடங்கள் பார்க்க ஆசையாக இருக்கும், அகலமாக, நேராக. அவற்றை நாங்கள் சேர்க்கவில்லை. டிப்பர் லாரி ஓடும் இடம் அது, வேலை முடிந்தால் தடமும் போய்விடும்.

சுசீந்திரம் தேரூர் ஈரநிலத்துக்கு 2022இல், சர்வதேச முக்கியத்துவம் உள்ள ஈரநிலம் என்ற ராம்சார் அங்கீகாரம் கிடைத்தது. ஐப்பசியிலிருந்து பங்குனி வரை வலசைப் பறவைகள் இருக்கும். அந்தக் கரையில் கூட்டமாகப் போகாமல் இரண்டிரண்டு பேராகப் பேச்சில்லாமல் போவதென்று வைத்திருக்கிறோம்.

ஒதுக்கிய வழிகள்

கீரிப்பாறை, காளிகேசம் பக்கத்து ரப்பர் தோட்டப் பாதைகள் படத்தில் பார்த்தால் இதைவிட அழகு. கிராவல் ஓட்டுகிற யாருக்கும் கை பரபரக்கும். ஆனால் அங்கே அரசு ரப்பர் கழகத்தின் தோட்டமும் வனவிலங்குச் சரணாலயமும் ஒட்டிக் கிடக்கின்றன, கேட் இருக்கிறது, காட்டுக்குள் வனத்துறை அனுமதி இல்லாமல் போக முடியாது. யானை வருகிற இடம். சத்தமில்லாமல் வளைவில் திரும்புகிற சைக்கிள் யானைக்கும் ஆபத்து, ஓட்டுகிறவருக்கும் ஆபத்து. அனுமதி வாங்கிப் போகலாம், ஆனால் வாரா வாரம் வீட்டிலிருந்து கிளம்பிப் போகும் வழியாக அதை யாருக்கும் நான் கொடுக்க மாட்டேன்.

மேற்கே அனந்த விக்டோரியா மார்த்தாண்டன் கால்வாய் இருக்கிறது. திருவனந்தபுரத்தையும் கன்னியாகுமரியையும் நீர்வழியாக இணைக்க 19ஆம் நூற்றாண்டில் திருவிதாங்கூர் அரசு வெட்டத் தொடங்கியது. பெயரைக் கேட்டதும் மண்டைக்காட்டிலிருந்து தேங்காப்பட்டணம் வரை கரையிலேயே போய்விடலாம் என்று தோன்றும். கரையில் வீடுகள் நெருங்கிவிட்டன, தொடர்ச்சி கிடையாது. துண்டு துண்டாகக் கிடைப்பதைக் கடற்கரை ரோட்டோடு சேர்த்து ஓட்டலாம்.

புத்தளம், மணக்குடிப் பக்கத்து உப்பளப் பாதைகள் கெட்டியாக, தட்டையாக இருக்கின்றன. அவை வேலை செய்யும் இடங்கள், கேட்டால் விடுகிறார்கள், ஒவ்வொரு முறையும் கேட்டுவிட்டுத்தான் போக வேண்டும்.

காற்று, தண்ணீர், பூ

இந்த மூன்றையும் புரிந்துகொள்ளாமல் நாஞ்சில்நாட்டில் பாதை போட முடியாது. வைகாசியிலிருந்து புரட்டாசி வரை ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக மேற்குக் காற்று அடிக்கும், முப்பந்தல் காற்றாலைகள் அந்தக் காற்றை நம்பி நிற்பவை. அந்த மாதங்களில் மேலே சொன்ன சுற்றை அப்படியே ஓட்டினால் தோவாளை வரை பறக்கலாம், திரும்பும்போது திறந்த வயலில் காற்று முகத்தில் அறைந்து, சைக்கிள் நகராது. அதனால் அப்போது திருப்பி ஓட்டுகிறோம்: சுசீந்திரம், தேரூர் வழியாக வயலில் காற்றோடு போய், மரமும் மலையும் மறைக்கிற சானல்கரையில் காற்றை எதிர்த்துத் திரும்புவது. ஐப்பசிக்கு மேல் வாடைக்காற்று வடகிழக்கிலிருந்து வரும், அப்போது முதலில் சொன்ன திசைதான் சுகம், கடைசிப் பாதியில் காற்றே தள்ளிவிடும்.

தண்ணீரின் கணக்கு வேறு. சானலில் பொதுவாக ஜூனில் தண்ணீர் விட்டு பிப்ரவரி கடைசியில் அடைப்பார்கள். அடைத்த பிறகு கோடையில் கரை காய்ந்து நன்றாக இருக்கும் என்று யாரும் நினைப்பார்கள். தூர்வாரும் வேலை நடப்பது அப்போதுதான். ஜேசிபி அள்ளிய சகதியும் செடியும் பிளாஸ்டிக்கும் பாதையின் மேலேயே குவிந்து கிடக்கும், சில இடங்களில் இறங்கித் தள்ளக்கூட வழி இருக்காது. சானல் நிறைந்து ஓடுகிற ஆடி, ஆவணியில் கரை இறுகி அருமையாக இருக்கும். ஐப்பசி, கார்த்திகை பெருமழையில் கரை ஊறியிருக்கும்போது போவதில்லை. சைக்கிள் தடம் ஈரக் கரையில் கோடு போடும், மழைத்தண்ணீர் அந்தக் கோட்டைப் பிடித்து ஓடி அரிக்கும்.

வயல் பகுதிக்குக் கன்னிப்பூ, கும்பப்பூ என்ற இரண்டு நெல் போகங்கள்தான் நாட்காட்டி. கன்னிப்பூ அறுப்பு ஆவணி, புரட்டாசியில், கும்பப்பூ அறுப்பு மாசி, பங்குனியில். அறுப்பு மெஷினின் சங்கிலித் தடம் ஈரத்தில் பதிந்து காய்ந்துவிட்டால் அந்தப் பாதையில் சக்கரம் நேராக நிற்காது. நெல்லையும் வைக்கோலையும் ரோட்டில் காயப்போட்டிருப்பார்கள். அதன் மேல் ஒரு சக்கரம்கூட ஏறக் கூடாது, இடம் இல்லையென்றால் இறங்கி ஓரமாகத் தள்ளிக்கொண்டு போங்கள்.

படித்துறைகள்

சானல் நமக்குச் சைக்கிள் பாதை, கரையில் வீடு இருப்பவர்களுக்கு அது குளியலறையும் துணி துவைக்கும் இடமும். காலை ஆறு மணிக்கு மேல் எல்லாப் படித்துறையிலும் ஆள் இருக்கும், பெண்கள் குளித்துக்கொண்டிருப்பார்கள். தூரத்திலேயே மணி அடியுங்கள், மெதுவாகத் தலையைத் திருப்பாமல் கடந்து போங்கள். ஹெல்மெட்டில் கேமரா மாட்டியவர்களைச் சானல்கரைக்கு நாங்கள் சேர்த்துக்கொள்வதில்லை, கழற்றிப் பையில் வைத்தால் வரலாம். இதில் விட்டுக்கொடுக்கவே முடியாது. ஒரே ஒரு வீடியோ வெளியே போனால் போதும், கரை முழுக்க நம்மை யாரும் விட மாட்டார்கள், அது நியாயமும்கூட.

பத்துப் பேருக்கு மேல் ஒரே நேரத்தில் போவதையும் தவிர்க்கிறோம். கரை ஒரு டிராக்டர் அகலம்தான், எதிரே புல்லுக்கட்டோடு ஒருவர் வந்தால் நாம்தான் ஒதுங்க வேண்டும்.

சுற்றின் ஜிபிஎஸ் கோப்பைக் கேட்கிறவர்களுக்குக் கொடுக்கிறோம், தாழக்குடிக்கு அருகே ஒரு தென்னந்தோப்பு வழியாகப் போகும் சின்னத் துண்டைத் தவிர. தோப்புக்காரர் எங்களுக்கு வாய்வார்த்தையாகச் சம்மதித்தது அது, ஊருக்கே திறந்துவிட்டது அல்ல. கோப்பில் அந்த இடத்தில் தார் ரோட்டைச் சுற்றிப் போகிற மாதிரி வைத்திருக்கிறோம், ஒன்றரை கிலோமீட்டர் கூடும். சானல்கரைத் துண்டுகளை ஓபன்ஸ்ட்ரீட்மேப்பில் தரத்தோடு வரைந்து சேர்த்துவருகிறோம். செண்பகராமன்புதூர் வரை முடிந்தது, அனந்தனார் சானலின் கரை இன்னும் பாக்கி. அந்தப் பக்கம் வீடு இருப்பவர்கள் எந்தத் துண்டில் தார் விழுந்துவிட்டது, எதில் இன்னும் சரல் கிடக்கிறது என்று பார்த்துச் சொன்னால் தெற்கே இன்னொரு சுற்றைக் கோத்துவிடலாம்.